கடைக்கு வந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் பிக்கப்

“நேத்து வரைக்கும் ஒரே சாவியில எடுத்துச்சுண்ணே. இன்னைக்குக் காலையில ‘டக்’குனு ஒரு சத்தம், அதோட சரி. மார்க்கெட்ல நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் எடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டே டிரைவர் சாவியைத் திருப்புவார். வண்டி முனகாமல் ஸ்டார்ட் ஆகும். அணைத்துவிட்டு மறுபடி போட்டாலும் ஆகும். அவருக்கு வெட்கம், உங்களுக்குக் குழப்பம்.

ஆட்டோ எலக்ட்ரிக்கல் தொழிலுக்குப் புதிதாக வந்தவரை எடைபோடும் வேலை இது. அடியோடு செத்துப்போன மோட்டாரை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். வருவதும் போவதுமாக இருக்கும் கோளாறுக்குத்தான் நல்ல ஆளாகப் பார்த்துத் தேடி வருவார்கள். பல கடைகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான். முதலில் பேட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் செல்ஃப் மோட்டாரை, அதற்கும் அப்புறம் ஆல்டர்னேட்டரை. ஒவ்வொன்றையும் மாற்றியபின் வண்டி சில வாரம் ஒழுங்காக ஓடுவதால் வைத்தியம் பலித்தது போலவே தோன்றும். புதுப் பேட்டரிக்கு வலு அதிகம், அதனால் கெட்டுப்போன இணைப்பையும் தாண்டிக் கரண்டைத் தள்ளிவிடும். அந்த வலு கொஞ்சம் இறங்கியதும் பழைய கதை திரும்பும். ஓனர் ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பார். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும் எர்த் ஒயர் மட்டும் துருப்பிடித்தபடி அப்படியே கிடக்கும்.

அளக்காமல் எதையும் கழற்றாதீர்கள். அந்த அளவையும் கரண்ட் ஓடும்போது எடுங்கள். இனிச் சொல்லப்போவது எல்லாமே இதற்கான வழிமுறைதான். மனத்தில் வைத்திருப்பது டாடா 207, பொலேரோ பிக்கப் வகையறா. பத்துப் பதினைந்து வருடம் லோடு அடித்த 12 வோல்ட் டீசல் வண்டி.

டிரைவரைப் பேச விடுங்கள்

ஓனர் போனில் சொல்வதை வைத்து வேலையைத் தொடங்க வேண்டாம். வண்டியோடு தினமும் கிடப்பவர் டிரைவர். “ஸ்டார்ட் ஆகலை” என்ற ஒரே பேச்சில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் கலந்திருக்கும். செல்ஃப் எடுக்கவே இல்லையா? எடுக்கிறது, ஆனால் திணறித் திணறிச் சுற்றுகிறதா? நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? இதைப் பிரித்துவிட்டாலே பாதித் தேடல் மிச்சம். சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட மாட்டார்கள். ஒரே ஒரு ‘டக்’ என்றால் சொலினாய்டு வேலை செய்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. ‘டக டக டக டக’ என்று அடித்தால் பெரும்பாலும் வோல்டேஜ் போதவில்லை. சத்தமே இல்லை என்றால் சாவியிலிருந்து சொலினாய்டுக்குச் செய்தியே போகவில்லை. ‘விர்ர்’ என்று வெறுமனே சுற்றினால் பெண்டிக்ஸ் பல்லில் போய் மாட்டவில்லை.

பிறகு நேரத்தைக் கேளுங்கள். காலையில் மட்டுமா, சூடாக ஓடி வந்து டீ குடிக்க நிறுத்திய பிறகா, மழைக்கோ வாட்டர் வாஷுக்கோ பிறகா? கடைசியாக வண்டியில் யார் கை வைத்தார்கள் என்று கேட்கத் தவறாதீர்கள். ஜி.பி.எஸ். மாட்டியவர், ஆம்ப்ளிஃபயர் மாட்டியவர், தொட்டிக்கு வெல்டிங் வைத்தவர் எல்லோரும் சந்தேகப் பட்டியலில் உண்டு. பேட்டரி எர்த்தைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடு போகலாம். வெல்டிங் வைத்தவருக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்து, கருவி எதுவும் வேண்டாத ஒரு சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவரை முன்னால் நிற்க வைத்து, செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் வெகுவாக மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. பொட்டென்று முழுவதும் அணைந்தால் பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் துளியும் மங்காமல், செல்ஃபும் எடுக்காமல் இருந்தால் பெரிய கரண்ட் எங்கேயும் ஓடவே இல்லை. தேட வேண்டிய இடம் சாவி, ரிலே, சொலினாய்டின் சின்ன ஒயர், அல்லது மோட்டாருக்குள் கார்பன்.

12.6 வோல்ட்டை நம்பி ஏமாறுபவர்கள்

சும்மா நிற்கும் வண்டியில் மீட்டரை வைத்து, 12.6 வோல்ட் வந்ததும் “பேட்டரி சூப்பர்” என்று சொல்லிவிடுகிறார்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரிக்கு 12.6 என்பது முழு சார்ஜ், 12.2 பாதி, 12.0-க்கு வந்தால் அடிமட்டம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் இப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டியின் பேட்டரி மேலோட்டமாக ஏறிய சார்ஜைக் காட்டும். இரண்டு நிமிடம் ஹெட்லைட்டை எரியவிட்டு அணைத்த பிறகு அளங்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால் ஹைட்ரோமீட்டரை எடுத்து ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து செல் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் 0.050 அளவுக்குக் கீழே கிடந்தால், அந்தப் பேட்டரிக்கு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் வீண்.

உண்மையான சோதனை, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் எங்கே நிற்கிறது என்பதுதான். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க ஸ்டாப் கேபிளை இழுத்துக்கொள்ளுங்கள், அல்லது பம்பின் ஸ்டாப் சொலினாய்டு ஒயரைக் கழற்றுங்கள். மீட்டர் முனைகளை டெர்மினல் கிளாம்ப் மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயக் காம்பு மேலேயே வைக்க வேண்டும். பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த முறைக்கு முன் மோட்டார் ஆற ஒரு நிமிடமாவது விடுங்கள்.

இங்கேதான் பாதை பிரிகிறது. செல்ஃப் திணறும்போது பேட்டரியில் வோல்டேஜ் 9.6-க்கும் கீழே இறங்கினால், பேட்டரிக்கு வலு இல்லை அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. அதே திணறலின்போது பேட்டரியில் 11.8 கம்பீரமாக நின்றால்? பேட்டரி நல்ல பேட்டரி. அதன் வலு மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல்தான் ஊரில் பாதிப் பேட்டரிகள் விற்கின்றன என்பது என் கணிப்பு.

வழியில் காணாமல் போகும் வோல்ட்

இரண்டரை, மூன்று லிட்டர் டீசல் எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 முதல் 300 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தப் பாதையில் எங்கோ ஒரு துருப்பிடித்த லக்கில் 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதிப்படி 300 ஆம்பியருக்கு அங்கேயே 3 வோல்ட் போய்விடும். மீட்டரை ஓம் நிலையில் வைத்து அந்த ஒயரைச் சோதித்தால் “நல்லா இருக்கு” என்றுதான் காட்டும். சாதாரண மல்டிமீட்டருக்கு 0.01 ஓம் கண்ணில் படவே படாது. டெஸ்ட் லேம்பும் அதே போல பளிச்சென்று எரியும், ஏனென்றால் அது இழுப்பது ஒரு ஆம்பியரோ என்னவோ. கரண்ட் ஓடும்போது அளங்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். இரண்டு கை அகல வாய்க்காலில் ஒரு சொம்புத் தண்ணீரை விட்டுப் பார்த்துவிட்டு அடைப்பே இல்லை என்று சொல்ல முடியாது.

மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி பிளஸ் காம்பில், மறுமுனை செல்ஃப் மோட்டாரில் பெரிய கேபிள் வந்து சேரும் போல்ட்டில். உதவியாளரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவது அந்தப் பாதையில் தொலைந்துபோகும் வோல்டேஜ். அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் கோளாறு. பிறகு ஒவ்வொரு கட்டமாக முனையை நகர்த்துங்கள். காம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே, கிளாம்புக்கும் லக்குக்கும் நடுவே, சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே. நல்ல இணைப்பு ஒவ்வொன்றிலும் 0.1 வோல்ட் அளவில்தான் தொலையும். சொலினாய்டின் குறுக்கே அரை வோல்ட்டுக்கு மேல் போனால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு தீய்ந்திருக்கிறது. ஒரு முறை தொடும், ஒரு முறை தொடாது. விட்டுவிட்டு வரும் ‘டக்’குக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அடுத்து எர்த் பக்கம். பலரும் மறந்துவிடும் பக்கமும் இதுதான். ஒரு முனை பேட்டரி மைனஸ் காம்பில், மறுமுனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், சேசிஸோடு அதை மின்சாரத்தால் இணைப்பது ஒரு எர்த் பட்டை மட்டும்தான். கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கியவர் அதைத் திரும்ப மாட்ட மறந்திருக்கலாம், அல்லது துரு மேலேயே வைத்து முடுக்கியிருக்கலாம். அப்போது 300 ஆம்பியர் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று எதில் கிடைக்கிறதோ அதில் போகும். செல்ஃப் அடித்ததும் ஆக்ஸிலேட்டர் கேபிள் சுடுகிறது, அடிக்கடி இறுகிப்போகிறது என்றால் வேறு எதையும் பார்க்காமல் எர்த் பட்டையைத் தேடிப் போங்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஜம்ப்பர் கேபிள் போதும். பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்கு மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். சட்டென்று சுறுசுறுப்பாகச் சுற்றினால் கோளாறு கையில் கிடைத்துவிட்டது. செலவு ஒரு பட்டை, இரண்டு போல்ட், உப்புத்தாள்.

கிளாம்ப் தளர்ந்த இடத்தில் ஆணியை அடித்து இறுக்கியிருப்பார்கள், அதையும் பார்ப்பீர்கள். ஆணியை எடுத்துவிட்டு கிளாம்பை மாற்றுங்கள். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக்குகளையும் நம்பாதீர்கள். கேபிள் வெளியே கறுப்பாக, நல்லதாகத் தெரியும். மேல்தோலை அரை அங்குலம் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக இருக்கும்.

சாவி, ரிலே, பல்

பழைய வண்டிகள் சிலவற்றில் செல்ஃப் சொலினாய்டுக்குப் போகும் முழுக் கரண்டும் சாவி சுவிட்ச் வழியாகவே போகிறது. பெரிய டீசல் மோட்டாரின் சொலினாய்டு இழுக்கும் நொடியில் அது 30 ஆம்பியரையும் தாண்டலாம். வருடக்கணக்கில் இதைச் சுமந்த சுவிட்சின் உள் தகடு கருகிப்போகும். அறிகுறி தெளிவானது: சாவியை ஐந்தாறு முறை திருப்பினால் ஒரு முறை எடுக்கும். செல்ஃப் அடிக்கும்போது சொலினாய்டின் சின்ன டெர்மினலில், அதாவது 50 என்று எண் போட்டிருக்கும் இடத்தில், வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியில் 11 இருக்கும்போது அங்கே 7 மட்டும் வந்தால் மீதி நான்கும் சாவியிலும் ஒயரிலும் தொலைந்தன. சுவிட்சை மாற்றுவதோடு நிறுத்தாமல் ஒரு 40 ஆம்பியர் ரிலே போட்டுக் கொடுங்கள். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து சொலினாய்டுக்கு, பழைய சாவி ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. இனிச் சாவி சுமப்பது மிகச் சின்னக் கரண்ட்தான். பழைய பிக்கப்புக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் காசுக்கு இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

மோட்டாரின் உடம்பில் ஸ்பானர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் எடுக்கிறது என்றால் கார்பன் தேய்ந்திருக்கிறது, அல்லது கமுடேட்டரில் ஒரு இடம் செத்திருக்கிறது. தட்டுவது நோயைக் கண்டுபிடிக்கத்தான்; “ரெண்டு தட்டு தட்டி ஓட்டிக்கோங்க” என்று டிரைவரை அனுப்பிவிடாதீர்கள். சூட்டில் மட்டும் திணறினால் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறதா என்று பாருங்கள். கார்பன், புஷ், சொலினாய்டு எல்லாம் சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் தனித்தனியாகவே கிடைக்கும். முழு மோட்டார் வாங்க வைப்பதற்கு முன் அதை யோசியுங்கள். புதுப்பேட்டையில் கழற்றிய மோட்டார் மலிவுதான், ஆனால் அதன் கார்பனைப் பார்க்காமல் மாட்டினால் இதே கோளாறை இன்னொரு வண்டியிலிருந்து விலைக்கு வாங்கியதாக ஆகிவிடும்.

எலக்ட்ரீஷியன்கள் பலரும் கவனிக்காத ஒன்று பிளைவீல் பல். நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது கண்ட இடத்தில் நிற்பதில்லை. கம்ப்ரஷனின் எதிர்ப்பால், பிளைவீலின் ஒரு சுற்றில் ஏறத்தாழ எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். பெண்டிக்ஸ் பல வருடங்களாக அதே இரண்டு இடத்துப் பற்களையே கடித்துக் கடித்துத் தேய்க்கிறது. ஆகவே அந்த இடத்தில் நின்றால் ‘க்ர்ர்ர்’, கொஞ்சம் தள்ளி நின்றால் ஒரே சாவி. டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு அடி தள்ளியதும் செல்ஃப் எடுத்தால் சந்தேகம் பல் மேல் விழ வேண்டும். மோட்டாரைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றியபடி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து எல்லாப் பற்களையும் பாருங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இதில் எலக்ட்ரிக்கல் பங்கு குறைவு. புகையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. சுற்றும் வேகம் போதவில்லை, அல்லது குளிரில் ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, அழுத்தத்தின் சூட்டில்தான் எரிகிறது. ஆகவே மெதுவாகச் சுற்றும் செல்ஃப் டீசல் கோளாறு போலவே வேஷம் போடும். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை. காற்று பிடித்திருந்தால் அது டீசல் மெக்கானிக் வேலை. ரோட்டரி பம்ப் வண்டியானால் அவரிடம் அனுப்பும் முன் சாவியைப் போட்டு பம்பின் ஸ்டாப் சொலினாய்டில் ‘டிக்’ கேட்கிறதா என்று பாருங்கள். அந்த ஒற்றை ஒயர் தளர்ந்தால் ஓடும் வண்டியும் நடு ரோட்டில் நிற்கும், குலுக்கினால் மறுபடி எடுக்கும். ஊரில் இன்னும் ‘மைக்கோ பம்ப்’ என்றுதான் சொல்கிறார்கள். மைக்கோ 2008-இல் போஷ் என்று பெயர் மாறியது யாருக்கும் பொருட்டில்லை.

காமன் ரெயில் வண்டியில் ஸ்கேனரைப் போட்டுச் செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் சுற்றும்போது ஆர்.பி.எம். பூஜ்யமாகவே இருந்தால் கிராங்க் சென்சாரும் அதன் ஒயரும் பார்க்கப்பட வேண்டியவை. சூட்டில் சாகும், ஆறினால் பிழைக்கும் சென்சார் இது.

ராத்திரியில் யார் குடிக்கிறார்கள்?

ஆல்டர்னேட்டர், எஞ்சின் 1500 ஆர்.பி.எம்.மில் 13.8 முதல் 14.4 வோல்ட் தர வேண்டும். ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாவற்றையும் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. பெல்ட் பளபளவென்று தேய்ந்திருந்தால் மழையில் வழுக்கும், வெயிலில் ஒழுங்காக இருக்கும். இன்னொரு சின்ன விஷயம். சாவி போட்டதும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறதா? பழைய ஆல்டர்னேட்டர்கள் பலவற்றுக்கு அந்த பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட் போகிறது. அது பியூஸ் போனால், நன்றாக ரேஸ் செய்யும்வரை சார்ஜே தொடங்காமல் போகலாம். பத்து ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரைக் கழற்றியவர்கள் உண்டு.

காலையில் மட்டும் பேட்டரி இறங்கியிருந்தால் ராத்திரி ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் நடுவே இணையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 500 இருந்தால் மூன்று நாளில் 36 ஆம்பியர் மணி போய்விடும். 75 ஆம்பியர் மணி பேட்டரியில் அது ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு பியூஸாக எடுங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தப் பாதைதான். எல்லா பியூஸையும் எடுத்தும் விழவில்லை என்றால் மைனஸிலிருந்து மீட்டரை விலக்கிக்கொண்டு ஆல்டர்னேட்டரின் பெரிய ஒயரைக் கழற்றுங்கள், அதன் முனையை டேப் சுற்றிவிட்டு மறுபடி அளங்கள், டையோடு கசியலாம். மீட்டர் இப்படி நடுவே இருக்கும்போது யாரும் சாவியைத் தொடக் கூடாது. மீட்டர் போய்விடும்.

பின்னால் இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் மினுக்குகிறது, ஹாரன் அடித்தால் வைப்பர் நிற்கிறது என்று விசித்திரமாக ஏதாவது சொன்னால், அவற்றைத் தனித்தனிக் கோளாறாக எண்ணாதீர்கள். முதலில் பொது எர்த்தைப் பாருங்கள். டெயில் லேம்ப் எர்த் தொட்டியின் துருவில்தான் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டைக் குறுக்கே தொட்டு செல்ஃப் அடிக்கும் பழக்கம் எல்லாக் கடையிலும் உண்டு. வண்டி கியரில் இருந்தால் அது உங்கள் மேலேயே ஏறும். நியூட்ரலா என்று நீங்களே பாருங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். ஹேண்ட் பிரேக்கோடு டயருக்குக் கட்டையும் வையுங்கள். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றுங்கள். பேட்டரியில் மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும்.

கூலி கேட்பது எப்படி?

ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் டீசல் ஒரு வருடம், மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் இரண்டு வருடம். இரண்டிலும் ஓம் விதி சொல்லித்தருகிறார்கள். தேடுவதற்குக் கூலி கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித்தருவதில்லை. பேட்டரி விற்றால் லாபம் கிடைக்கும், எர்த் பட்டை மாற்றினால் என்ன கிடைக்கும் என்ற கணக்குதான் பலரைப் பொருள் மாற்றும் பக்கம் தள்ளுகிறது. ஆகவே வண்டியைத் தொடும் முன்பே “பார்க்குறதுக்கு இவ்வளவு, வேலை தனி” என்று சொல்லிவிடுங்கள். பில்லில் அளவுகளை எழுதுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.8, எர்த் பக்கம் முன்பு 2.1, இப்போது 0.1. ஓனருக்கு ஓம் விதி தெரிய வேண்டியதில்லை, 2.1 எப்படி 0.1 ஆனது என்பது புரியும். கழற்றிய பொருளைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். முதல் சம்பளத்தில் வாங்க வேண்டியது நல்ல டி.சி. கிளாம்ப் மீட்டர். செல்ஃப் எவ்வளவு இழுக்கிறது என்பதை ஒயரைக் கழற்றாமலே அது காட்டிவிடும்.

எல்லாம் பார்த்த பிறகும் கோளாறு தலைகாட்டாத வண்டிகள் இருக்கும். அப்போது எதையும் மாற்றாதீர்கள். “இன்னைக்கு வரலைண்ணே, வர்றப்போ பிடிப்போம்” என்று நேராகச் சொல்லி, பார்த்த கூலியை மட்டும் வாங்குங்கள். போகும் முன் சொலினாய்டின் 50 டெர்மினலிலிருந்து பியூஸோடு ஒரு மெல்லிய ஒயரை இழுத்து, டேஷ்போர்டில் ஒரு சின்ன பல்பு மாட்டி, அதற்கு எர்த் கொடுத்துவிடுங்கள். சாவி திருப்பும்போது அது எரிகிறதா என்பதை மட்டும் பார்க்கும்படி டிரைவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும், சத்தமும் பதிவாகிவிடும். பல்பு பளிச்சென்று எரிந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சாவிப் பக்கம் போக வேண்டாம். மோட்டார், அதற்கு வரும் பெரிய கேபிள், எர்த், இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது. எரியவே இல்லை என்றால் மோட்டாரைக் கழற்றாமல் சாவியிலிருந்து தொடங்கலாம்.